மனநல நெருக்கடியில் வீட்டுக்கு வருபவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். இருபத்தைந்து வயது மகன் நாலு நாளாகத் தூங்கவில்லை. அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே இருக்கிறார். வாசலில் வைத்த சாப்பாட்டுத் தட்டு அப்படியே கிடக்கிறது. யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சொல்கிறார். ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தாலே கத்துகிறார். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் மனநல நெருக்கடி உதவி எண்ணுக்குப் போன் செய்கிறார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

இந்த இருவரையும் பற்றி வீட்டில் இருப்பவர்களுக்குப் பல பயங்கள் இருக்கும். ஊசி போட்டுத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா? ஏதோ ஒரு நோயின் பெயரைச் சொல்லி முத்திரை குத்திவிடுவார்களா? அவர்கள் வந்திருப்பது மதிப்பீடு செய்ய. மதிப்பீடு என்றதும் பரீட்சை மாதிரித் தோன்றும். ஆனால் அவர்கள் மனதில் இருப்பது ஒரே ஒரு நடைமுறைக் கேள்விதான்: இவர் இன்று இரவையும் நாளைய பகலையும் பத்திரமாகக் கடக்க என்ன வேண்டும்? அவர்கள் கேட்பது, பார்ப்பது எல்லாமே இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான். நோயின் பெயரை அப்புறம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் நெருக்கடி என்ற சொல்லைப் பார்ப்போம். அது ஒரு நோயின் பெயர் இல்லை. ஜெரால்ட் கேப்ளன் என்ற மனநல மருத்துவர் 1960களில் இதைத் தெளிவாக விளக்கினார். கஷ்டம் வரும்போது சமாளிக்க நம் ஒவ்வொருவரிடமும் சில வழிகள் இருக்கின்றன: யாரிடமாவது பேசுவது, வேலையில் மூழ்குவது, அழுது தீர்ப்பது, தூங்கி எழுவது. வந்திருக்கும் பாரத்துக்கு இந்த வழிகள் எதுவுமே போதாமல் போகிற நிலைதான் நெருக்கடி. அதனால்தான் பல வருடமாகக் குரல்கள் கேட்டுக்கொண்டே வேலைக்குப் போய் வருகிற ஒருவர் நெருக்கடியில் இல்லாமல் இருக்கலாம். எந்த மனநோயும் இல்லாத ஒருவர், வேலை போன மறுவாரமே நெருக்கடியில் இருக்கலாம்.

வீட்டுக்கே போய்ப் பார்க்கும் முறை ஒரே இடத்தில் பிறந்ததில்லை. அமெரிக்காவின் மேடிசன் நகரில் 1970களில் லெனார்ட் ஸ்டைன், மேரி ஆன் டெஸ்ட் என்ற மனநலத் துறையினர் இருவர், மருத்துவமனையில் சேர்க்க வேண்டியவர்களை அவர்கள் வாழும் இடத்திலேயே கவனித்துக்கொள்ள முடியும் என்று செய்து காட்டினார்கள். அதே நாட்டின் யூஜீன் நகரில் 1989-இல் தொடங்கிய கஹூட்ஸ் திட்டத்தில், போலீஸுக்குப் பதிலாக ஒரு மருத்துவப் பணியாளரும் ஒரு நெருக்கடிப் பணியாளரும் வேனில் போனார்கள். இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரத் திட்டம் நாடு முழுக்க நெருக்கடிக் குழுக்களை அமைக்கச் சொன்னது. பின்லாந்தின் மேற்கு லாப்லாந்தில் 1980களில் உருவான 'திறந்த உரையாடல்' முறையில், அழைப்பு வந்த 24 மணி நேரத்துக்குள் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவது விதி. பெரும்பாலும் அந்தப் பேச்சு வீட்டில்தான் நடக்கும்.

வருகிறவர் மனநலச் செவிலியராகவோ, சமூகப் பணியாளராகவோ, உளவியலாளராகவோ இருக்கலாம். சில குழுக்களில் டாக்டரே வருவார். முதல் தடவை பெரும்பாலும் இரண்டு பேராக வருவார்கள். பாதுகாப்பு அதற்கு ஒரு காரணம். ஒருவர் பேசும்போது மற்றவர் கவனிக்கலாம், ஒருவர் நோயாளியோடு இருக்கும்போது மற்றவர் குடும்பத்தோடு உட்காரலாம் என்பது இன்னொரு காரணம்.

மதிப்பீடு போனிலேயே தொடங்கிவிடுகிறது. என்ன மாறியிருக்கிறது, எப்போதிலிருந்து, ஏன் இன்றைக்கு அழைத்தீர்கள் என்று கேட்பார்கள். இந்த 'ஏன் இன்றைக்கு' முக்கியமான கேள்வி. இரண்டு மாதமாக ஒருவர் சரியில்லாமல் இருந்தும், இன்றைக்குத்தான் போனை எடுத்தீர்கள் என்றால், இன்றைக்கு ஏதோ நடந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் கிளம்ப மாட்டார்கள். வீட்டில் ஆயுதம் இருக்கிறதா, குழந்தைகள் இருக்கிறார்களா, குடித்திருக்கிறாரா என்பதும் அப்போதே கேட்கப்படும். ஒருவர் ஏற்கெனவே மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியிருந்தாலோ, காயப்பட்டிருந்தாலோ, கையில் ஆயுதத்தோடு மிரட்டிக்கொண்டிருந்தாலோ வீட்டு மதிப்பீட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. அவசர உதவியை உடனே அழைக்க வேண்டும். விழுங்கியவர் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னாலும் இதுதான் விதி. சில மருந்துகள் ஒரு நாளைக்கு மேல் எந்த அறிகுறியும் காட்டாமலே உள்ளுறுப்புகளைக் கெடுக்கும்.

சரி, வாசலுக்கு வருவோம். குடும்பத்தினர் அடிக்கடி கேட்கும் உதவி ஒன்று உண்டு: "நீங்க டாக்டர்னு சொல்லிடாதீங்க, சும்மா பார்க்க வந்த நண்பர்னு சொல்லுங்க." அந்தத் தவிப்பு புரிகிறது. ஆனால் நல்ல பணியாளர் இதற்குச் சம்மதிக்க மாட்டார். எல்லோரும் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று பயந்துபோயிருக்கிற ஒருவரிடம் முதல் வார்த்தையிலேயே பொய் சொன்னால், அந்தப் பயம் உண்மைதான் என்று நாமே நிரூபித்த மாதிரி ஆகிவிடும். அதனால் கதவுக்கு வெளியே நின்று இப்படித் தொடங்குவார்:

"நான் ஒரு மனநலச் செவிலியர். நீங்க தூங்கி நாலு நாளாச்சுன்னு உங்க அம்மா கவலைப்பட்டுக் கூப்பிட்டாங்க. உங்களைப் பார்க்கத்தான் வந்திருக்கோம். கதவைத் திறக்கணும்னு இல்லை. இங்கேயே தரையில உட்கார்ந்துக்கவா?"

இதில் எத்தனை விஷயம் இருக்கிறது பாருங்கள். தான் யார், யார் அழைத்தார்கள், எதற்கு என்று எதையும் மறைக்கவில்லை. கதவைத் திறப்பதா வேண்டாமா என்ற முடிவை அவரிடமே விட்டாயிற்று. தரையில் உட்கார்ந்தால் குரல் தாழ்வான இடத்திலிருந்து வரும். மேலே நின்று அதட்டுகிற தோரணை அதில் இருக்காது. இப்படிக் கதவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தே அரை மணி நேரம் பேச்சு ஓடலாம். அந்த அரை மணி நேரமும் மதிப்பீடுதான். கேட்ட கேள்விக்குப் பொருத்தமான பதில் வருகிறதா, வாக்கியம் பாதியில் அறுந்து போகிறதா, நடுவில் வேறு யாரிடமோ பேசுகிறாரா என்பதெல்லாம் கதவு மூடியிருக்கும்போதே தெரிந்துவிடும்.

உள்ளே போக அனுமதி கிடைத்தால், எங்கே உட்காரலாம் என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். அவருக்கும் வாசலுக்கும் நடுவில் உட்கார மாட்டார்கள். பயத்தில் இருப்பவருக்குத் தப்பிக்க வழி அடைபட்டதாகத் தோன்றினால் பயம் இன்னும் ஏறும். தங்களுக்கும் வெளியேற வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். டிவி ஓடினால் நிறுத்தலாமா என்று கேட்பார்கள். கூட்டமாக நிற்கிற உறவினர்களை மெதுவாக வேறு அறைக்கு அனுப்புவார்கள்.

வீடு சொல்லும் செய்திகள் ஆஸ்பத்திரி மேசைக்கு எட்டவே எட்டாது. மருந்து அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் "சாப்பிடுகிறேன்" என்று பதில் வரும். வீட்டில் அலமாரி மேல் அந்த அட்டை கிடக்கும். மூன்று வாரத்துக்கு முன்னால் வாங்கியது, நாலு மாத்திரைதான் குறைந்திருக்கிறது. அல்லது ஒரே மருந்து, இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு அட்டை. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறார். அல்லது சாப்பிடாமல் சேர்த்துவைத்த ஒரு டப்பா நிறைய மாத்திரைகள். மூன்றும் மூன்று வேறு கதைகள். மூன்றாவதைப் பார்த்த பணியாளர், அந்த டப்பாவைப் பற்றிப் பேசாமல் அந்த வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்.

பிரிக்காமல் குவிந்த கடிதங்கள், பகலிலும் இழுத்து மூடிய திரைகள், துணியால் மறைத்த கண்ணாடி, டேப் ஒட்டிய லேப்டாப் கேமரா, சுவரில் கை முட்டியால் குத்திய தடம் என்று எல்லாமே கண்ணில் படும். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. அலங்கோலமான வீடு நோய்க்கு ஆதாரம் ஆகாது. சிலர் எப்போதுமே அப்படித்தான் இருப்பார்கள். வறுமையும் களைப்பும்கூட வீட்டை அப்படி ஆக்கும். அதே போல, பளிச்சென்று இருக்கும் வீட்டில் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கலாம். எல்லாவற்றையும் துடைத்து ஒழுங்குபடுத்தி, தன் பொருள்களைப் பிறருக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, திடீரென்று அமைதியாகிவிட்ட ஒருவரைப் பார்த்தால் அனுபவசாலிகள் நிம்மதி அடைவதில்லை, இன்னும் கவனமாகக் கேட்கத் தொடங்குவார்கள். அதனால் அவர்கள் பார்ப்பது மாற்றத்தைத்தான். "வீடு எப்பவும் இப்படித்தான் இருக்குமா?" என்ற ஒரு கேள்வி, பத்து அனுமானங்களைத் தவிர்க்கும்.

பேச்சுக்கு நடுவே பணியாளரின் மனதில் ஒரு வரிசை ஓடிக்கொண்டிருக்கும். மனநிலைப் பரிசோதனை என்று அதற்குப் பெயர். தோற்றமும் நடத்தையும், பேச்சின் வேகமும் ஓட்டமும், அவர் சொல்கிற மனநிலை, முகத்தில் தெரிகிற மனநிலை, எண்ணங்கள், குரல்களோ உருவங்களோ தோன்றுகிறதா என்பது, நினைவும் கவனமும், தனக்கு என்ன நடக்கிறது என்பது பற்றி அவருடைய புரிதல். பழகியவர்கள் இதைக் கேள்வித்தாள் மாதிரிக் கேட்பதில்லை. "நேத்து ராத்திரி எப்படிப் போச்சு?" என்று கேட்டால், அந்த ஒரு பதிலிலேயே பாதி வந்துவிடும்.

குரல் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால், அது என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். எதையாவது செய்யச் சொல்கிறதா? சொன்னபடி எப்போதாவது செய்திருக்கிறீர்களா? மறுக்க முடிகிறதா? கண்காணிக்கிறார்கள் என்று சொன்னால் அதற்கு ஆமாம் போடவும் மாட்டார்கள், அதெல்லாம் பிரமை என்று வாதாடவும் மாட்டார்கள். "நாள் முழுக்க அப்படியொரு எண்ணத்தோட இருந்தா தூக்கம் எப்படி வரும்?" என்பார்கள். அந்த நம்பிக்கை உண்மையா என்பது அந்த நேரத்தில் முக்கியமில்லை. பயமும் தூக்கமின்மையும் உண்மை. அந்த நம்பிக்கையால் அவர் என்ன செய்யக்கூடும் என்பதுதான் அடுத்த கேள்வி. கண்காணிக்கிறவர் யார் என்று ஒரு ஆளைக் குறிப்பிட்டுச் சொல்கிறாரா? பக்கத்து வீட்டுக்காரர் என்று சொன்னால், பக்கத்து வீட்டுக்காரரின் பாதுகாப்பும் இப்போது யோசனைக்குள் வந்துவிடுகிறது.

பலருக்குத் தெரியாத ஒரு படி இருக்கிறது. மனம் கலங்கியது போலத் தோன்றுவதற்கு உடம்பு காரணமாக இருக்கலாம். சர்க்கரை ஒரேயடியாக இறங்கினால், தலையில் அடிபட்டிருந்தால், தைராய்டு சீர்கெட்டால், தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால், மனிதர் ஆளே மாறிப்போவார். முக்கியமாக வயதானவர்களிடம் சாதாரணச் சிறுநீர்த் தொற்றுகூட டெலிரியம் என்ற கடும் மனக்குழப்பத்தைக் கொண்டுவரும். அது சில மணி நேரத்திலோ ஒன்றிரண்டு நாளிலோ வரும், காலையில் தெளிவாகவும் மாலையில் குழப்பமாகவும் ஏறி இறங்கும், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று: மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்வது. வழக்கமாக இதைச் சுலபமாகச் சொல்லக்கூடிய ஒருவர் நடுவில் தடுமாறி எங்கோ போய்விட்டால், காய்ச்சல், நாடித்துடிப்பு, ரத்தத்தில் சர்க்கரை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவருக்குத் தேவை பொது மருத்துவமனை, அதுவும் உடனே. மனநலக் குழுவே வந்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டால் அங்கே உயிர் போகலாம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிரசவமாகி இரண்டு வாரத்துக்குள் ஒரு தாய் தூக்கமில்லாமல், குழப்பத்தோடு, விசித்திரமான நம்பிக்கைகளோடு பேசத் தொடங்கினால், அதைக் களைப்பு என்று தள்ளிவிடக் கூடாது. பேறுகாலத்துக்குப் பிந்தைய சைக்கோசிஸ், அதாவது நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகிற மனநிலை, ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில் வருகிறது. மிக வேகமாக முற்றும். சிகிச்சை கொடுத்தால் நன்றாகவே குணமாகும்.

இப்போது, எல்லோரும் கேட்கத் தயங்குகிற கேள்வி. தற்கொலையைப் பற்றிக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் படித்தவர்களுக்கும் இருக்கிறது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, அதற்கு முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதற்கு ஆதாரம் இல்லை என்று சொன்னது. வீடு வீடாகப் போகிறவர்களின் அனுபவமும் அதுதான். கேட்டதும் பல பேர் பெருமூச்சு விடுகிறார்கள். இத்தனை நாளாக யாரிடமும் சொல்ல முடியாததை ஒருவர் பதறாமல் கேட்டுவிட்டாரே என்ற பெருமூச்சு.

ஆனால் கேட்கும் விதம் இருக்கிறது. "அப்படியெல்லாம் ஒண்ணும் நினைக்கலதானே?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டது மாதிரி. நல்ல பணியாளர் இப்படிக் கேட்பார்: "இவ்வளவு பாரத்தைத் தாங்கிக்கிட்டு இருக்கீங்க. இந்த மாதிரி நேரத்துல செத்துப்போயிடலாம்னு சிலருக்குத் தோணும். உங்களுக்குத் தோணுதா?" ஆமாம் என்றால் அங்கிருந்து ஒவ்வொரு படியாக இறங்குவார். விடிந்தால் எழாமல் போனால் தேவலை என்ற ஆசையா, உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணமா? எப்படி என்று யோசித்திருக்கிறாரா? அதற்கான பொருள் வீட்டிலேயே இருக்கிறதா? நாள் குறித்திருக்கிறாரா? முன்பு முயன்றிருக்கிறாரா? அப்புறம், இதுவரை உங்களைத் தடுத்தது எது? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சாக நினைப்பவரிடம் வாழவும் நினைக்கிற ஒரு பாதி பெரும்பாலும் இருக்கும். அந்தப் பாதியோடு பேச்சு தொடங்குவது இங்கேதான்.

சரி, இவ்வளவும் கேட்டால் யார் தற்கொலை செய்துகொள்வார் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா? முடியாது. 50 ஆண்டுகளில் வந்த 365 ஆய்வுகளை 2017-இல் சேர்த்துப் பார்த்தபோது, தனித்தனி ஆபத்துக் காரணிகளை வைத்துக் கணிப்பது, காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று தெரிந்தது. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தன்னைக் காயப்படுத்திக்கொண்டவர்களை மதிப்பெண் போட்டு 'குறைந்த ஆபத்து', 'அதிக ஆபத்து' என்று பிரிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டது. 'குறைந்த ஆபத்து' என்று ஒரு தாளில் டிக் அடித்துவிட்டு ஒருவரைக் கைவிட்டு வருவதைப் போன்ற தவறு இந்த வேலையில் வேறில்லை என்பேன். மதிப்பீட்டின் பயன், இந்த ஆளுக்கு எது ஆபத்தைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது, அதில் இன்றைக்கே நாம் மாற்றக்கூடியது எது என்று கண்டுபிடிப்பதில் இருக்கிறது.

வீட்டாரோடு தனியாகவும் பேசுவார்கள். அவர் முன்னால் சொல்ல முடியாதவை அங்கே வரும். நோயாளியின் அனுமதி இல்லாமல் அவர் சொன்னதைக் குடும்பத்திடம் சொல்வதற்குக் கட்டுப்பாடு உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் அந்தக் கட்டுப்பாடு தளரும். ஆனால் குடும்பம் சொல்வதைக் கேட்டுக்கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை. "ரகசியம் காக்க வேண்டும்" என்று சொல்லி அம்மாவின் பேச்சையே கேட்காமல் போவது தவறு. அந்த அம்மாவும் நாலு நாளாகத் தூங்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இன்று இரவு அவரால் தாங்க முடியுமா என்பது முடிவையே மாற்றக்கூடியது.

முடிவு பெரும்பாலும் இந்தச் சிலவற்றில் ஒன்றாக இருக்கும்: வீட்டிலேயே சிகிச்சை, தினமும் ஒருவர் வந்து பார்ப்பது, டாக்டரிடம் உடனடி ஆலோசனை, சில நாள் தங்கும் நெருக்கடி இல்லம், அவர் சம்மதத்தோடு மருத்துவமனை. சம்மதமில்லாமல் சேர்ப்பது சட்டம் வகுத்த நிபந்தனைகளின்படி, வேறு எந்த வழியும் பாதுகாப்பாக இல்லாதபோது மட்டும். அதன் விதிகள் நாட்டுக்கு நாடு மாறும்.

வீட்டிலேயே இருக்கலாம் என்று முடிவானால் ஒரு பாதுகாப்புத் திட்டத்தை எழுதுவார்கள். அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரௌனும் உருவாக்கிய வடிவம் பல நாடுகளில் பயன்படுகிறது. ஒரே தாள். நிலைமை மோசமாகப் போகிறது என்று எனக்கே தெரிகிற அறிகுறி எது. நானாகச் செய்யக்கூடியது எது. யாரோடு அல்லது எங்கே இருந்தால் மனம் கொஞ்சம் திசை மாறும். யாரிடம் உதவி கேட்பேன். எந்த எண்ணுக்கு அழைப்பேன். ஆபத்தான பொருள்களை எப்படிக் கைக்கு எட்டாமல் வைப்பேன். பணியாளரின் வார்த்தையில் எழுதக் கூடாது. "மனச்சோர்வு அதிகரித்தல்" என்று எழுதினால் அது யாருடைய தாளும் இல்லை. "ராத்திரி ரெண்டு மணிக்கு மேல பழைய போட்டோவையே பார்த்துக்கிட்டு இருக்கறது" என்று அவர் சொன்னபடியே எழுதினால் ராத்திரி இரண்டு மணிக்கு அவருக்கு அது புரியும்.

அந்தத் தாளின் கடைசிப் புள்ளி, அதாவது ஆபத்தான பொருள்களைக் கைக்கு எட்டாமல் வைப்பது, சாதாரணமாகத் தெரிந்தாலும் அதற்குப் பலம் அதிகம். தற்கொலை எண்ணம் உச்சத்தில் நிற்கும் நேரம் பலருக்குக் குறுகியது. அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தால் அலை கடந்துபோக வாய்ப்பு கிடைக்கிறது. சேர்த்துவைத்த மாத்திரை டப்பாவை அவர் சம்மதத்தோடு வெளியே எடுத்துப்போவதும், இனி மருந்தை ஒரு வாரத்துக்கு மட்டும் தரச் சொல்வதும் சிகிச்சையின் பகுதிதான்.

நீங்கள் அழைக்கிற நிலையில் இருந்தால், அவர்கள் வருவதற்குள் எல்லா மருந்து அட்டைகளையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது தூங்கினார், முன்பு இப்படி ஆனதுண்டா என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். யாரோ வருகிறார்கள் என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள், கோபப்பட்டாலும் பரவாயில்லை.

நாம் கற்பனை செய்த வீட்டில், ஒன்றேகால் மணி நேரம் கழித்துக் கதவு ஒரு விரற்கடை திறக்கிறது. அவர் முழுதாக வெளியே வரவில்லை. தண்ணீர் மட்டும் வாங்கிக்கொள்கிறார். மூடியைத் திறக்காத பாட்டிலாக இருந்தால்தான் குடிப்பேன் என்கிறார், சரி என்று அப்படியே கொடுக்கிறார்கள். மாதங்களைப் பின்னோக்கித் தவறில்லாமல் சொல்கிறார். சாக வேண்டும் என்று தோன்றவில்லை, பயமாக இருக்கிறது, அவ்வளவுதான் என்கிறார். டாக்டரிடம் போனில் பேசி, இன்றிரவு தூங்குவதற்கு ஒரு மருந்துக்கு ஒத்துக்கொள்கிறார். கிளம்புவதற்கு முன் செவிலியர் கதவருகே குனிந்து, "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இதே ரெண்டு பேர்தான் வருவோம். வேற யாரும் வர மாட்டாங்க" என்கிறார். மறுநாள் பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அவர்கள் அந்த வாசலில் நிற்கிறார்கள். முதல் கேள்வி, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பது.